பறக்காத காகிதப் பெண்

அத்தியாயம் 11

அன்னத்தின் இடுப்பைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்து, மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினான் கீர்த்தனன்.

அன்னம் எழும்பியது. கூடவே அதைக் கட்டியிருந்த கம்பியும், கம்பியைப் பிடித்திருந்த இரும்பு முளையும் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்தன.

"இதுவும் இல்லை" என்று முனகியபடி அதை இறக்கினான். பழைய சைக்கிள் சக்கரங்களை வளைத்துச் செய்த ஆளுயர அன்னம். அவனுடைய சட்டையில் கிரீஸ் கோடு போட்டிருந்தது.

"தம்பி."

முதுகுக்குப் பின்னால் ஆங்கிலக் குரல். திரும்பினான். கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள் மேலங்கி, கழுத்தில் விசில், இடுப்பு வாரில் ஒரு சின்னச் சுத்தியல். ஹெலன். சுற்றுலா வருகிறவர்களுக்கு இந்த மயானத்தைச் சுற்றிக்காட்டும் தொண்டர். எழுபது வயது இருக்கும். பார்வை மட்டும் இருபது வயதுப் போலீஸ்காரனுடையது.

"சிற்பங்களைத் தொடக்கூடாது என்று வாசலிலேயே சொன்னேன். நீ தொடவில்லை. குடும்பமே நடத்துகிறாய்."

கீர்த்தனன் சட்டைக் கிரீஸைத் துடைப்பதற்குள் இராஜேஸ்வரி வந்துவிட்டாள். பருத்திப் புடவை, அதன்மேல் தொளதொளவென்று ஒரு குளிர்க்கோட்டு, காலில் ஓட்டக்காரர்கள் போடும் ஷூ. திருச்சியில் இன்ஷூரன்ஸ் மோசடிகளை மோப்பம் பிடித்துப் பழகியவள், இப்போது ஹோம்புஷ்ஷில் ஒரு தோசைக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். ஆபீஸ் என்றால் அவள், கீர்த்தனன், கீழேயிருந்து வருகிற சாம்பார் வாசனை.

"மன்னிக்க வேண்டும்" என்றாள் ஹெலனிடம். "இவனுக்குக் கலை என்றால் உயிர். பிடித்துவிட்டால் கட்டிக்கொள்வான்."

"மூன்று சிற்பங்களை இப்படிப் பிடித்துவிட்டது அவனுக்கு. நான்காவதைப் பிடித்தால் வெளியே அனுப்பிவிடுவேன்."

ஹெலன் நகர்ந்ததும் கீர்த்தனன் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், மூண்டு எண்டுறது அவ கண்டது மட்டும். மற்றதுகளையும் சேர்த்தால் எனக்கு இண்டைக்குக் கலியாணம் கட்டி முடிஞ்ச மாதிரித்தான்."

"பேசாம நட. மணி நாலரை."

அந்த மணிதான் அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தது.

வின்டர்ஹில் மயானத்தில் பழைய பணக்காரக் குடும்பங்கள் இத்தாலியிலிருந்து பளிங்கு இறக்கி, செத்தவர்களுக்கு அரண்மனை கட்டி வைத்திருந்தார்கள். தலை குனிந்து அழும் தேவதைகள், பாதியில் ஒடிந்த தூண்கள், மாலுமிக்கு நங்கூரம், பாதிரியாருக்குத் திறந்த புத்தகம். வருஷா வருஷம் குளிர்காலம் முடிகிற ஆகஸ்ட் கடைசியில், இன்றைய சிற்பிகளும் தங்கள் படைப்புகளைக் கொண்டுவந்து இந்தக் கல்லறைகளுக்கு நடுவில் மூன்று நாள் நிறுத்துவார்கள். சிட்னியே வழிகாட்டும் வரைபடமும் காபியுமாகக் கிளம்பி வந்துவிடும். தள்ளுவண்டியில் குழந்தை, கயிற்றில் நாய், தேவதையின் தோளில் கை போட்டு செல்ஃபி.

இன்று மூன்றாம் நாள். ஐந்து மணிக்குக் கண்காட்சி முடியும். லாரிகள் உள்ளே வரும். ஒவ்வொரு சிற்பமும் வாசலைத் தாண்டிப் போகும்.

அவற்றில் ஒன்றின் வயிற்றுக்குள் பொனிபஸ்ஸின் வாழ்க்கை இருந்தது.

மன்னார்க்காரன் பொனிபஸ். படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் கிடந்து, தற்காலிக விசாவில் வெளியே வந்தவன். இந்த மயானத்துச் சிலைகளைக் கழுவித் துடைப்பது அவனுடைய வேலை. போன வியாழக்கிழமை, கத்தோலிக்கப் பகுதியில் நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிற ஒரு வெண்கலச் சிறுமியைப் பீடத்திலிருந்து கழற்றினான். இடுப்பளவு உயரம், கையில் ஒரு புறா. துடைத்துப் பழுது பார்ப்பதற்காக அவளைப் போர்வையில் சுற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். வெள்ளிக்கிழமை காலையில் போர்வை இருந்தது. சிறுமி இல்லை.

கழற்றியது யார்? பொனிபஸ். கொட்டகைச் சாவி யாரிடம்? பொனிபஸ்ஸிடம். போலீஸுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. நாளை காலையில் வழக்குப் பதிவு. வழக்கு வந்தால் விசா போகும். விசா போனால் திரும்ப வில்லாவுட். அங்கேயிருந்து விமானம். இந்த வரிசையை, இராஜேஸ்வரியைத் தேடி வந்த அவன் மனைவி பற்றிமா செபமாலை உருட்டுவதுபோல இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம்." கல்லறை வரிசைகளுக்கு நடுவில் ஓட்டமும் நடையுமாகப் போனபடியே கேட்டான் கீர்த்தனன். "அவள் இஞ்சதான் இருக்கிறாள் எண்டு எப்பிடி இவ்வளவு உறுதியாச் சொல்லுறீங்கள்? திருடினவன் வியாழக்கிழமை இரவே கொண்டு போயிருந்தா?"

"வியாழக்கிழமைதான் சிற்பங்களைக் கொண்டுவந்து இறக்கின நாள். உள்ள வந்த வண்டியை யாரும் திறந்து பார்க்கல. வெளிய போன வண்டியை எல்லாம் திறந்து பார்த்திருக்காங்க. காலி வண்டிதான் போகலாம்னு கட்டளை. ராத்திரி மெயின் கேட்டுல ஆள் இருக்கு. அவ்வளவு கனத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு எவனும் சுவர் ஏற முடியாது."

"அப்ப ஒரு பழைய கல்லறைக்குள்ள..."

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு மேல பாஸைக் காட்டினா எந்தச் சிற்பமும் வெளிய போகலாம். உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தன் கேட்க மாட்டான். கேட்டா, கலை தெரியாதவன்னு பேர் வந்துடும். நீ திருடனா இருந்தா எங்க ஒளிச்சு வைப்ப?"

கீர்த்தனன் பெருமூச்சு விட்டான். "நான் திருடனா இருந்தா முதல்ல தோசைக்கடை மாடியில இருக்கிற என்ர பாக்கிச் சம்பளத்தைத்தான்..."

"அதோ."

பைன் மரத்துக்கு அடியில் ஓர் அலுமாரி நின்றது. நிஜ அலுமாரி. பழைய கறுப்பு மரம், இரட்டைக் கதவு, பூட்டு. அருகே பலகையில் 'கடைசிப் பயணம்' என்று தலைப்பு. கீர்த்தனன் அதை மேலும் கீழும் பார்த்தான். இடுப்பளவு உயரமுள்ள ஒரு சிறுமி அதற்குள் தாராளமாக நிற்கலாம்.

ஹெலன் எங்கேயென்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளினான். அசையவில்லை. இன்னொரு தரம். அலுமாரி மலை மாதிரி நின்றது.

"மேடம்." அவன் குரல் கிசுகிசுத்தது. "இதுதான்."

"உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?"

மரத்துக்குப் பின்னாலிருந்து தாடி வைத்த ஒருவர் சிரித்த முகத்துடன் வந்தார். கையில் சாவி. அலுமாரியின் சிற்பி. மூன்று நாளாக ஒருத்தர்கூட நின்று பார்க்கவில்லை போலிருக்கிறது. கேட்காமலே பூட்டைத் திறந்து கதவுகளை விரித்தார்.

உள்ளே செருப்புகள். நூற்றுக்கணக்கில் பழைய செருப்புகள், சப்பாத்துகள், ஒவ்வொன்றிலும் ஈர மணல் நிரப்பியிருந்தது.

"ஒவ்வொருவரும் நடந்த பூமியின் கனம்" என்றார் சிற்பி.

"சரியான கனம்" என்றான் கீர்த்தனன், தோளைத் தடவிக்கொண்டே.

கைப்பேசி துடித்தது. வாசலிலிருந்து பற்றிமா.

"தம்பி, லொறியள் வரத் தொடங்கீற்றுது. வரிசையா நிக்குது. ஏதும் கிடைச்சுதோ?"

"தேடிக்கொண்டிருக்கிறம் அக்கா. நீங்கள் தனியவா நிக்கிறீங்கள்?"

"இல்லை, சேர் கூட நிக்கிறார். பிளாஸ்கில கோப்பி கொண்டு வந்தவர். பொறுங்கோ, குடுக்கிறன்."

சேர் என்றால் சடகோபன். ஹோம்புஷ்ஷில் பெரிய வீடு, மனைவி கலா, சொந்த சாஃப்ட்வேர் கம்பெனி, கோயில் கமிட்டியில் முன்வரிசை. வீட்டின் பின்பக்கத்துத் தனிச் சிறுவீட்டில்தான் பொனிபஸ்ஸும் பற்றிமாவும் வாடகைக்கு இருந்தார்கள். வக்கீல் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

"என்னப்பா கீர்த்தி, ஏதாவது க்ளூ?" என்றது சடகோபனின் கனத்த குரல்.

"இன்னும் இல்லை அங்கிள். நீங்களும் உள்ள வந்தா ஒரு ஆள் கூடத் தேடலாம்."

"ஐயோ, அது மட்டும் வேண்டாம்ப்பா. மயானம்னாலே எனக்கு ஒத்துக்காது. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அதுக்குள்ள கால் வச்சதில்ல. நான் இங்கேயே நின்னு பற்றிமாவைப் பார்த்துக்கறேன். நீங்க கவனமாத் தேடுங்க."

கைப்பேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் இராஜேஸ்வரி அங்கே இல்லை. அடுத்த வரிசையில் ஹெலனோடு பேசிக்கொண்டு நின்றாள். இந்த நேரத்தில் ஊர்க்கதை. கீர்த்தனன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான்.

"...நேற்று ராத்திரிக் காற்றைக் கேட்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் ஹெலன். "அலுமினியப் பறவைகள் நாலு கல்லறை தள்ளிக் கிடந்தன. இந்தப் பையன் காதலிக்கிற அன்னம் தலைகீழாகக் கிடந்தது. காலையில் ஒவ்வொன்றுக்கும் நானே கம்பி கட்டி முளை அடித்தேன். என் கையைப் பாருங்கள், கொப்புளம்."

"எல்லாவற்றுக்குமா அடித்தீர்கள்?"

"லேசானவை எல்லாவற்றுக்கும்." ஹெலன் ஒரு கணம் யோசித்தாள். "ஒன்றைத் தவிர. அதுதான் ஆச்சரியம். காகிதப் பெண் இருந்த இடத்தைவிட்டு இம்மிகூட அசையவில்லை. செய்தவள் மேதையாக இருக்க வேண்டும்."

"காகிதப் பெண்ணா?"

"'மூச்சு' என்று பெயர். பழைய பத்திரிகைகளை ஒட்டி ஒட்டிச் செய்து வார்னிஷ் பூசியது. மண்டியிட்டிருப்பாள். ஒரு குழந்தைகூடத் தூக்கிவிடும்."

இராஜேஸ்வரி கீர்த்தனனைப் பார்த்தாள்.

"சைக்கிள் சக்கரத்துல செஞ்ச அன்னம் குப்புற விழுந்திருக்கு. காகிதப் பொம்மை ஏன் பறக்கல?"

கீர்த்தனன் ஓட ஆரம்பித்திருந்தான்.

காகிதப் பெண் கத்தோலிக்கப் பகுதியில் இருந்தாள். காலியான பீடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். திருடனுக்குத் துணிச்சல் இருந்தது, அல்லது சோம்பல். மண்டியிட்டு, ஒரு போர்வையை முழுசாகப் போர்த்துக்கொண்டு தலை குனிந்திருக்கிற ஒரு பெண். வார்னிஷுக்கு அடியில் ஆங்கிலத் தலைப்புச் செய்திகள் மங்கலாகத் தெரிந்தன. சுற்றிலும் புல் நிமிர்ந்திருக்க, அவள் முழங்காலைச் சுற்றி மட்டும் ஈர மண் பிதுங்கி நின்றது. காகிதத்தின் கனத்துக்கு மண் பிதுங்காது.

கீர்த்தனன் கட்டிப்பிடித்தான். தூக்கினான். முதுகெலும்பில் ஏதோ சொடுக்கியது. அவள் அசையவில்லை.

"விடு." மூச்சிரைக்க வந்து சேர்ந்த ஹெலன் விசிலைக் கையில் எடுத்துவிட்டாள். "நான்காவது. வெளியே போ."

அதே நேரத்தில் புல்லுக்கு நடுவிலிருந்த தார்ப்பாதையில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. தொப்பியைத் திருப்பிப் போட்ட ஓர் இளைஞன் இறங்கினான். கையில் பாஸ்.

"காகிதப் பெண், 'மூச்சு'. ஏற்றிக்கொண்டு போக வந்திருக்கிறேன். நான் ஜோஷ்."

ஹெலன் பாஸை வாங்கிப் பார்த்தாள். தலையாட்டினாள். "சரியாக இருக்கிறது. எடுத்துக்கொள்."

காகிதத்தைக் கிழித்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் உள்ளே அவள் இல்லாவிட்டால்? ஒரு கலைப்பொருளை உடைத்தார்கள் என்று இராஜேஸ்வரியின் உரிமம் போகும். பொனிபஸ்ஸின் ஆட்கள் மயானத்தில் அடாவடி செய்தார்கள் என்று நாளைக்குக் கோர்ட்டில் வேறு படிப்பார்கள். பேசாமல் நின்றால் வேன் போய்விடும்.

ஜோஷ் வேனின் பின்கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு தள்ளுவண்டியை இறக்கினான். தடித்த சக்கரம் வைத்தது, குளிர்சாதனப் பெட்டி ஏற்றுகிற வண்டி. அதன்மேல் நாலு பட்டை நாடா.

இராஜேஸ்வரி அவனைத் தடுக்கவில்லை. பேச்சுவாக்கில் கேட்டாள்.

"அது எதற்கு?"

"கனம் என்று சொன்னார்கள். வண்டியும் பட்டையும் இல்லாமல் வராதே என்று தனியாகப் போன் பண்ணிச் சொன்னார்கள்."

"காகிதத்துக்கா?"

ஜோஷ் காகிதப் பெண்ணைப் பார்த்தான். ஹெலனைப் பார்த்தான். தோளைக் குலுக்கினான். "சொன்ன வேலையைச் செய்கிறவன் நான்."

ஹெலனின் கையிலிருந்த விசில் மெல்ல இறங்கியது. அவள் முட்டாள் இல்லை. மூன்று நாள் மழையிலும் காற்றிலும் இந்தச் சிற்பங்களோடு மல்லுக்கட்டியவள். இடுப்பு வாரிலிருந்து சுத்தியலை உருவினாள். காகிதப் பெண்ணின் குனிந்த முதுகில், கதவு தட்டுகிற மாதிரி மெதுவாக ஒரு தட்டு.

தொப் என்றது.

இன்னும் கொஞ்சம் கீழே, கொஞ்சம் பலமாக.

ணங்.

மணி ஓசை. சுத்தமான வெண்கல மணி. அந்த ஓசை கல்லறைகளுக்கு நடுவில் போய் அடங்கியது.

"என் கடவுளே" என்றாள் ஹெலன். சுத்தியலின் பின்பக்கத்தால் முதுகிலிருந்த ஒரு மடிப்பை நெம்பினாள். அது கதவுபோல வெட்டி ஒட்டப்பட்ட துண்டு. பிய்ந்து வந்தது. உள்ளிருட்டில் ஒரு பச்சை பாரித்த வெண்கலக் கை. கையில் ஒரு புறா.

கீர்த்தனன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது. "மேடம், எனக்கு இப்ப உண்மையாவே கலை பிடிச்சிருக்குது."

ஹெலன் ஏற்கெனவே போலீஸை அழைத்துக்கொண்டிருந்தாள். ஜோஷ் வெளிறிப்போய், தனக்கு ஒன்றும் தெரியாது, வேலை கைப்பேசியில்தான் வந்தது, ஆளை நேரில் பார்த்ததே இல்லை, வெளியே போனதும் எங்கே இறக்குவதென்று சொல்வார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னான். அவனிடமிருந்த எண்ணுக்கு இராஜேஸ்வரி அடித்துப் பார்த்தாள். அணைத்து வைத்திருந்தது. பாஸ் வாங்கிய சிற்பியின் பெயர் நோரா கீன். அப்படி ஒருத்தியை ஹெலன் உட்பட யாரும் கண்ணால் கண்டதில்லை.

"பரவாயில்லை மேடம். சிறுமி கிடைச்சிட்டாள். பொனிபஸ் அண்ணை தப்பிட்டார்."

"இதைப் பார்த்துட்டுச் சொல்லு."

பிய்ந்த காகிதத் துண்டை அவள் திருப்பிக் காட்டினாள். வெளிப்பக்கம் ஆங்கிலப் பத்திரிகை. உட்பக்கம், பசையில் ஊறி மஞ்சளாகி, பத்தி பத்தியாகத் தமிழ். சிட்னியில் இலவசமாகக் கிடைக்கிற மாதப் பத்திரிகை. கல்யாண மண்டப விளம்பரம், நாட்டிய அரங்கேற்றம், இறால் மலிவு விற்பனை.

கீர்த்தனனின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

சிலையைக் கழற்றியவன் பொனிபஸ். சாவி அவனிடம். சிலை ஒளித்து வைத்திருந்தது அவன் வேலை செய்கிற இடத்தில். இப்போது உறை முழுக்கத் தமிழ்ப் பத்திரிகை. போலீஸ் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். சிறுமியைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

"நாங்களே அவருக்குக் கயிறு திரிச்சுக் குடுத்திட்டமா, மேடம்?"

"வாசலுக்குப் போகலாம் வா" என்றாள் இராஜேஸ்வரி. அவள் நடை இப்போது நிதானமாக இருந்தது. அதுதான் கீர்த்தனனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு போலீஸ் கார் ஏற்கெனவே வந்திருந்தது. உயரமான பெண் சார்ஜன்ட் ஒருத்தி இறங்கி நிற்க, அவளுக்கு எதிரே பற்றிமா கோட்டைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சடகோபன். ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் பற்றிமாவுக்காக ஊற்றிய கோப்பை. வாசல் தூணுக்கு வெளியே, கோடு கிழித்தது மாதிரி.

கீர்த்தனன் சார்ஜன்டிடம் கண்டதைச் சொன்னான். தமிழ்ப் பத்திரிகையையும் சொல்ல வேண்டியிருந்தது. சார்ஜன்டின் புருவம் மேலே போனதைப் பற்றிமா பார்த்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை. புருவம் முழுசாகப் புரிந்தது.

"அப்ப அவரைத்தானோ தம்பி சொல்லுகினம்?"

"கவலைப்படாதம்மா" என்றார் சடகோபன், கோப்பையை அவள் கையில் கொடுத்தபடி. "என்ன ஆனாலும் உனக்கு வீடு இருக்கு. நானும் கலாவும் இருக்கோம். பொனிபஸ் ஏதோ புத்தி கெட்டுப்போய்ப் பண்ணியிருந்தாக்கூட, நல்ல வக்கீலா வச்சு..."

"சார்" என்றாள் இராஜேஸ்வரி. "ஒரு சின்ன விஷயம். அந்தக் காகித உறை ஒரே நாள்ல செஞ்சது இல்ல. சிறுமி உள்ள சரியாப் பொருந்துற மாதிரி அளவெடுத்து, காய வச்சு, பாஸ் வாங்கி, கொட்டகைச் சாவிக்கு நகல் எடுத்து, எல்லாம் முன்னாடியே தயார் பண்ணியிருக்கான். சிலையைக் கழட்டப்போற நாளும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. பற்றிமா, பொனிபஸ் அதை யார்கிட்டயெல்லாம் சொன்னார்?"

"என்னட்டச் சொன்னவர். வருசப் பிறப்புக்கு சேர் வீட்டில சாப்பிடேக்க அங்கயும் சொன்னவர். அந்தச் சிலையிட படத்தையும் போன்ல காட்டினவர், தான் அதுக்குப் பக்கத்தில நிண்டு எடுத்தது. அவருக்கு அவளில சரியான விருப்பம்."

சடகோபன் சிரித்தார். உதட்டில் மட்டும். "சாப்பாட்டு மேசைல ஆயிரம் பேசுவோம். அதை வச்சா? மேடம், நான் இந்த இடத்துக்குள்ள கால் வச்சதே இல்ல. இன்னைக்குக்கூட வெளியிலதான் நிக்கறேன், பார்க்கறீங்களே."

"நான் உங்களைச் சொல்லல சார். எல்லார்கிட்டயும் கேட்கிற கேள்விதான். வியாழக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ்ல. ஒரு மீட்டிங். முடிச்சுட்டு நேரா வீட்டுக்கு. காபி குடிச்சேன், டிவி முன்னாடி உட்கார்ந்தேன். கலாவைக் கேளுங்க."

"ஆபீஸ்ல இருந்து நேரா?"

"நேரா."

"வழியில வேற எங்கயும் போகல. துக்கம் விசாரிக்க, அந்த மாதிரி?"

"இல்லையே."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது வியாழக்கிழமை தவறிட்டாங்களா சார்? சொந்தம், ஆபீஸ், கோயில்ல யாராவது?"

"யாரும் இல்ல. பெருமாள் புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்காங்க. என்ன கேள்வி இது?"

கீர்த்தனனுக்கும் அதுதான் தோன்றியது. என்ன கேள்வி இது? சார்ஜன்ட் அவனைப் பார்த்தாள். அவன் ஒவ்வொரு பதிலையும் ஆங்கிலத்தில் சொன்னான். அவள் பதிவு செய்துகொண்டாள்.

இராஜேஸ்வரி பற்றிமாவின் பக்கம் திரும்பினாள். குரல் இளகியது.

"நேத்து நாம ரெண்டு பேரும் உங்க கிச்சன்ல உட்கார்ந்து டீ குடிச்சோமே. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுல என்னென்ன நடந்ததுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்கன்னு கேட்டேன். அப்ப சார் வீட்டுக்கு வந்ததைப் பத்தி ஒண்ணு சொன்னீங்க. அதை இங்க ஒரு தடவை சொல்லுங்க."

பற்றிமா தயங்கினாள். அவள் தலைக்குமேல் இருந்த கூரை சடகோபனுடையது. கையிலிருந்த கோப்பி சடகோபனுடையது.

"அதில ஒண்டும் இல்லை அம்மா. அது அவரின்ர சமயக் காரியம். நான் ஏன் அதைக் கதைக்க வேணும்?"

"பொனிபஸ்ஸுக்காகச் சொல்லுங்க."

அந்தப் பெயர் போதுமாக இருந்தது. பற்றிமா கோப்பையைக் கீழே, தூணின் அடியில் வைத்தாள்.

"பொழுதுபட்டு, நல்லா இருட்டினாப் பிறகுதான் வந்தவர். முன் வாசலால போகேல்லை. பின் வளவுக்குள்ள வந்து, சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, பூக்கண்டுக்குத் தண்ணி விடுற பைப்பை எடுத்துத் தலையில பிடிச்சவர். உடுப்போட. அந்தக் குளிருக்குள்ள. பல்லுக் கிடுகிடுக்கிறது எங்கட ஜன்னலுக்குக் கேட்டது. நான் அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார் எண்டு நினைச்சன்."

"ஐயப்பனுக்கு ஓகஸ்ட்டில மாலை போடுறேல்லை, அக்கா." கீர்த்தனனின் குரல் அவனுக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது. யாழ்ப்பாணத்தில் செத்த வீட்டுக்குப் போய்வந்த அப்பாவுக்காக, வாசலுக்கு வெளியே அம்மா வாளி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருந்தது அவன் கண்முன் வந்து நின்றது. குளிக்காமல் படி ஏறவிடமாட்டாள். "செத்த வீட்டுக்கோ மயானத்துக்கோ போய் வந்தாத்தான் இப்பிடி வெளியில நிண்டு முழுகிறது."

"எங்களுக்கு அந்த வழக்கம் இல்லைத் தம்பி. எங்கட ஆக்களைப் புதைச்ச சேமக்காலைக்குப் போனா மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்து அப்பிடியே சாப்பிடுவம். எனக்கு எப்பிடி விளங்கும்?"

"அழுக்குப் பட்டிருந்தது" என்றார் சடகோபன். "தோட்டத்துல... கார் டயர் பஞ்சராகி..."

"ஆபீஸ்ல இருந்து நேரா வந்ததாச் சொன்னீங்க சார்" என்றாள் இராஜேஸ்வரி. அவரைப் பார்க்கவில்லை. பற்றிமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிச்சத்தையும் சொல்லிடுங்க. கலா என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?"

சடகோபனின் கையிலிருந்த பிளாஸ்க் சரிந்து, காபி அவருடைய ஷூவின்மேல் ஒழுகியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சார்ஜன்ட் கவனித்தாள். ஓர் அடி முன்னால் வந்தாள்.

"கலா அன்ரி பின்கதவடியில துவாயோட நிண்டவ" என்றாள் பற்றிமா. கண்ணில் நீர் கோத்திருந்தது. குரல் மட்டும் தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "கதவைத் திறக்கேல்லை. உள்ளுக்க நிண்டபடியே சொன்னவ, 'தலைக்கு ஊத்தாம படியை மிதிக்காதீங்க, அந்தப் பொண்ணு நின்ன மண்ணு உங்க கால்ல இருக்கு' எண்டு."